ஊருக்குள் ஒரு நிமிடம்

மே 8

இன்று பத்தொன்பது பாட்டில். சைக்கிளில் பின்தங்கி எங்கள் அணியின் காருக்குப் போய், சட்டைக்குள் முன்னும் பின்னும் தண்ணீரைத் திணித்துக்கொண்டு, நூற்றைம்பது பேரைத் தாண்டி முன்னால் வந்து உனாயிடம் கொடுத்தேன். பாதியைக் குடித்தான், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான். இருபத்து நான்கு வயதுப் பையன், மலை ஏறுவதில் சூரன். அவன் ஜெயிப்பதற்காக முன்னால் போய்க் காற்றைக் கிழிப்பது என் வேலை. பதின்மூன்று வருடமாக யாராவது ஒருவனுக்காகக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

காரின் பக்கத்தில் வான்னஸ் வழக்கம்போல முழங்கையால் ஒரு இடி கொடுத்தான். பெல்ஜியக்காரன், முப்பத்தாறு வயது, என்னைப்போலவே சுமைதூக்கி, ஆனால் எதிரணிக்கு. மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில், மஞ்சள் சட்டையில் இருக்கும் யெப்பெ அவனுடைய ஆள். யெப்பெ கால், வான்னஸ் மூளை.

"என்ன பெருசு, தண்ணி சப்ளையா? பேசாம குழாய் போட்டுடேன்!"

"உன் ஆளுக்கும் ஒண்ணு தரட்டுமா? நாளைக்கு மலையில அழறப்போ தேவைப்படும்."

பத்து வருடமாக இதே கதை. இவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மே 10

மழை. இரண்டு முறை விழுந்தேன். இரண்டாவது முறை வான்னஸ் மேல். அதில் ஒரு சின்னத் திருப்தி.

மே 12

பதினாறாம் தேதி பந்தயம் எங்கள் ஊர் வழியாகப் போகிறது! மொந்தாரெல்லோவுக்குள் பந்தயம் நுழைவது இதுதான் முதல் தடவை. மனைவி நீவெஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தில் நிற்பாள். தெல்பீனாவுக்கு ஐந்து மாதம். அதில் நான் அவளோடு இருந்தது மொத்தம் இருபத்திரண்டு நாள். பயிற்சி, பந்தயம், மறுபடி பயிற்சி என்று சுற்றுகிறவனை அவள் எப்படி அடையாளம் கண்டுகொள்வாள்?

சொந்த ஊர் வந்தால் அந்த ஊர்க்காரனைத் தனியாக முன்னால் போகவிடுவது எங்கள் கூட்டத்தின் பழக்கம். அவன் வீட்டாரைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கூட்டம் வரும்வரை நின்று சேர்ந்துகொள்ள வேண்டும். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரர்களிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் போதும். அதாவது வான்னஸிடம். என் தலையெழுத்து.

"ஏம்ப்பா, பதினாறாம் தேதி எங்க ஊரு வருது…"

"தெரியும். மேப்புல தேடிப் பார்த்தேன், அவ்ளோ சின்ன ஊரு, அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிட்டேன்." சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான். "குழந்தை பொறந்திருக்குல்ல? போ. ஆனா நிப்பே."

"நிப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கை குலுக்கிக்கொண்டோம். மனுஷன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மே 14

மேலாளர் ஓட்டாவியோ பஸ்ஸில் என்னைத் தனியாக உட்காரவைத்தார். அவர் என்னைத் தனியாக உட்காரவைத்தால் ஒன்று திட்டு, இல்லையென்றால் வேறு ஒருவருக்குச் செய்ய வேண்டிய வேலை.

"உங்க ஊருல நிக்காதே," என்றார். "நீ நிப்பேன்னு நம்பி ஒருத்தனும் துரத்த மாட்டான். ஊருக்கு அந்தப் பக்கம் மலை. நீ நாலு நிமிஷம் முன்னாடி போயிருப்பே. உனாய் மலையில பிச்சுக்கிட்டு வந்து உன்னைப் பிடிப்பான். அப்புறம் இருபது கிலோமீட்டர் பள்ளத்தாக்கு, எதிர்க்காத்து. யெப்பெ தனியாத் தவிப்பான். உனாய் உன் முதுகுக்குப் பின்னால சொகுசா வருவான்."

அப்பழுக்கில்லாத திட்டம்.

"நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"உனக்கு வயசு முப்பத்தஞ்சு. ஒப்பந்தம் இந்த வருஷத்தோட முடியுது. இதைச் செஞ்சா இன்னும் ரெண்டு வருஷம். என் வாக்கு."

ஆக, வாக்குக்கு வாக்கு. உனாய்க்கு என் சத்தியம் பற்றித் தெரியாது. சொல்ல வேண்டாம் என்றார்.

மே 15

நிற்பேன். முடிவு செய்துவிட்டேன். ஓட்டாவியோவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மே 16

எப்படி எழுதுவது?

ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் வான்னஸ் கையைக் காட்டினான், கூட்டம் வழிவிட்டது. "குழந்தையை முத்தம் கொடுத்துப் பயமுறுத்தாதே, தாடியை ஒதுக்கிக்கோ!" என்று பின்னாலிருந்து கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

சதுக்கத்தில் ஊரே நின்றது. பேக்கரிக்காரர், பாதிரியார், என்னைப் பள்ளியில் உதைத்தவர்கள், எல்லோரும். பிரேக் பிடித்தேன். நீவெஸ் குழந்தையை நீட்டினாள். நான் கையை நீட்டினேன். நடுவில் மாமியார் ஆர்ஜியா வந்து விழுந்தார்.

நாற்பது வருடமாக ஒரு பந்தயத்தையும் விடாமல் டிவியில் பார்க்கிறவர். ஆனால் இந்த ஊரில் இதற்கு முன் யார் நின்று முத்தம் கொடுத்தார்கள்? தனியாக முன்னால் வந்த மருமகனை ஜெயிக்கப்போகிறவன் என்றே நினைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை, எதுக்கு நின்னீங்க? ஒரு நிமிஷம் இருபது செகண்டு முன்னாடி இருக்கீங்க!"

"அத்தை, நிக்கத்தான் வந்தேன் —"

"குழந்தை எங்கேயும் ஓடிடாது, போங்க! டேய், பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, தள்ளுங்கடா!"

பேக்கரிக்காரர் சீட்டைப் பிடித்தார். பாதிரியார் முதுகைப் பிடித்தார். மொந்தாரெல்லோ மொத்தமும் சேர்ந்து என்னைத் தள்ளியது. "போடா என் ராசா!" என்று மாமியார் அலறியது கேட்டது. முதல்முறையாக 'டா' போட்டார். தெல்பீனாவின் குல்லாவைக்கூட நான் தொடவில்லை.

ஊர் எல்லை வந்தது. சாலை காலி. நிற்கலாம். அடுத்த வளைவில் நிற்கலாம் என்று நினைத்தேன். வளைவில் டிவிக்காரனின் மோட்டார் சைக்கிள். சரி, அதற்கடுத்த வளைவில். காதில் ரேடியோவில் ஓட்டாவியோ: "அற்புதம் எர்மெஸ்! ரெண்டு நிமிஷம்! ஒருத்தனும் துரத்தலை!" ஊர் முழுக்க என் பெயரைக் கத்தியது இன்னும் காதில் இருந்தது. பதின்மூன்று வருடத்தில் என் பெயரை யாரும் கத்தியதில்லை. அடுத்த வளைவு. அதற்கடுத்தது.

நிற்கவில்லை.

எல்லாம் ஓட்டாவியோ சொன்னபடியே நடந்தது. உனாய் மலையில் வந்து பிடித்தான், நான் பள்ளத்தாக்கில் இழுத்தேன். மஞ்சள் சட்டை இப்போது அவனுடையது. முப்பத்தொரு விநாடி முன்னிலை. பஸ்ஸில் எல்லோரும் பாடினார்கள், நானும் வாயை அசைத்தேன்.

மே 17

ஒப்பந்தம் வந்துவிட்டது. பந்தயம் முடிந்ததும் கையெழுத்து. மாமியார் போனில்: "பார்த்தீங்களா, நான் தள்ளலைன்னா இது நடந்திருக்குமா?" ஊரில் என் படத்தைப் பேக்கரியில் மாட்டிவிட்டார்களாம்.

காலையில் வான்னஸைப் பார்த்தேன். திட்டுவான் என்று தயாராக இருந்தேன், பதிலும் யோசித்து வைத்திருந்தேன். மரத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மே 18

யாரும் என்னை வரிசைக்குள் விடுவதில்லை. இடைவெளி தெரிந்து நுழையப்போனால் இடைவெளியைக் காணோம். நாள் முழுக்க சாலை ஓரத்து ஜல்லியில் ஓட்டினேன்.

மே 19

ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் சாலை ஓரமாக ஒதுங்குவோம், அப்போது கூட்டம் வேகத்தைக் குறைக்கும். எல்லோருக்கும் உள்ள சலுகை, முதலிடத்துக்காரனுக்கும் கடைசிக்காரனுக்கும். இன்று நான் ஒதுங்கினேன். பின்னால் யாரோ விசிலடித்தான். அவ்வளவுதான், வான்னஸின் ஆட்கள் எட்டுப் பேரும் முன்னால் போய் மிதி மிதி என்று மிதித்தார்கள். கூட்டத்தைப் பிடிக்கப் பதினான்கு கிலோமீட்டர் ஆயிற்று.

ஓரமாக இருந்த ஒரு பசு மட்டும் என்னை மரியாதையாகப் பார்த்தது.

மே 20

இருபது பாட்டில் சுமந்தேன். நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டுமே.

மே 21

தாங்க முடியவில்லை. காலை ஓட்டம் தொடங்குமுன் வான்னஸிடம் போனேன். இதை என்னிடமே ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அவன் வசவு வேண்டும். அவன் கிண்டல் இல்லாமல் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது, எவ்வளவு நீளம் என்று.

"என்னைத் தள்ளிவிட்டது எங்க மாமியார்," என்றேன்.

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "எவ்ளோ தூரம் தள்ளினாங்க?"

"ஒரு… முப்பது மீட்டர்."

"அங்கேருந்து முடிவுக்கோடு வரைக்கும் நாப்பத்தாறு கிலோமீட்டர். அதை யாரு மிதிச்சா, உங்க மாமியாரா?"

சைக்கிளைத் திருப்பினேன்.

உனாய் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்குத் திரும்பும்போது கேட்டான்: "நீங்க வாக்குக் கொடுத்திருந்தீங்களா, எர்மெஸ்?"

"ஆமாம்ப்பா."

மஞ்சள் சட்டையைக் கழற்றி மடித்து, ஜன்னலோரம் வைத்துவிட்டு, வேறு பனியனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

மே 23

கடைசி மலை நாள். முப்பத்தொரு விநாடியைக் காப்பாற்றினால் பந்தயம் எங்களுக்கு.

மலையடிவாரத்துக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது யெப்பெயின் செயின் சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. இறங்கி நின்றுவிட்டான். அவன் கார் வெகு தூரத்தில். கூட்டத்தின் முன்னால் நான், என் பின்னால் உனாய். காதில் ஓட்டாவியோ: "இப்ப! இப்ப! மிதிடா எர்மெஸ், அவன் நின்னுட்டான்!"

எதிரியின் வண்டி மக்கர் செய்யும்போது தாக்கக்கூடாது. அதுவும் எங்கேயும் எழுதிவைக்காத விஷயம்தான்.

கால் தானாக மெதுவாயிற்று. உனாய் பக்கத்தில் வந்தான்.

"நிறுத்தணும்ப்பா," என்றேன். "சட்டை உன்னோடது. நீ சொல்லு."

"நீங்க கேக்கறீங்களா, சொல்றீங்களா?"

"கெஞ்சறேன்."

"அப்ப நிறுத்துங்க. எனக்கும் அரை மணி நேரமா முட்டிக்கிட்டு வருது," என்று ஓரமாக ஒதுங்கிவிட்டான்.

நான் சாலை நடுவில் வந்து கைகள் இரண்டையும் அகல விரித்தேன். கூட்டம் நின்றே விட்டது என்று சொல்லலாம். ஓட்டாவியோவின் குரலைக் கேட்க முடியாமல் ரேடியோவைக் காதிலிருந்து பிடுங்கிச் சட்டைக்குள் போட்டேன். நெஞ்சுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தார்.

யெப்பெ வந்து சேர்ந்தான். வான்னஸ் அவனை இழுத்து வந்திருந்தான். என்னைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் மலை. யெப்பெ பறந்தான். உனாய் உயிரைக் கொடுத்து ஏறினான். மேலே போய்க் கணக்குப் பார்த்தால் ஒன்பது விநாடியில் மஞ்சள் சட்டை போய்விட்டது.

உனாய் பஸ் படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒன்பது செகண்டு," என்றான். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அதுக்குள்ள ஒண்ணுக்குக்கூட முடிச்சிருக்க முடியாது," என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் கண் சிவந்திருந்தது. என்னை அவன் மன்னித்தானா, தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மே 24

கடைசி நாள் ஓட்டம், ஊர்வலம் மாதிரி. எனக்கு வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஒதுங்கினேன், மெதுவாகப் போனார்கள். இந்தச் சுகம் கோப்பை வாங்கியவனுக்குக்கூடத் தெரியாது.

வான்னஸ் பக்கத்தில் வரவில்லை.

ஜூன் 2

ஓட்டாவியோவிடமிருந்து கடிதம். இரண்டே வரி. புதிய ஒப்பந்தம் இல்லை, மீதி வருடத்துக்குப் பந்தயமும் இல்லை. மாமியார் பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் இரண்டு மடங்கு போடுகிறார். பேக்கரியில் என் படத்தை அலமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 19

வேறு அணிகளுக்கு எழுதினேன். "வயது" என்கிறார்கள். தெல்பீனா தவழ்கிறாள். பின்பக்கமாகத்தான் தவழ்கிறாள், ஆனாலும் நல்ல வேகம்.

செப்டம்பர் 13

ஒருநாள் பந்தயம் ஒன்று இன்று மொந்தாரெல்லோ வழியாகப் போயிற்று. நான் சதுக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன், எல்லோரையும்போல. வேடிக்கை பார்ப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியாது.

கூட்டம் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஒருவன் தனியாக வந்தான். மாமியார் வாயைத் திறந்தார். அதற்குள் அவன் பிரேக் பிடித்து, இறங்கி, நேராக என்னிடம் வந்தான். வான்னஸ்.

"என்ன பெருசு, வயித்துல எத்தனை பாட்டில் வச்சிருக்கே?"

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். "இது உன் ஊரு இல்லையேடா. எப்படி விட்டாங்க?"

"ஒவ்வொருத்தனாப் போய்க் கேட்டேன். நூத்திநாப்பது பேரு. காலையிலேருந்து இதே பொழைப்பு, வாயே வலிக்குது." குழந்தையைப் பார்த்தான். "ஒருத்தன் கூட முடியாதுன்னு சொல்லலை. குடு இங்கே."

கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினான். தெல்பீனா அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவளை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ம், இப்ப கொடு," என்றான். வியர்வையோடு நின்ற அவன் கையில் இருந்த என் மகளுக்கு, ஊர் பார்க்க, முத்தம் கொடுத்தேன். அழுதேன், நன்றாகவே அழுதேன். நீவெஸும் அழுதாள். மாமியார் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கூட்டம் வந்தது. எல்லோரும் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே கடந்து போனார்கள். தெல்பீனா மூக்கை விடவில்லை, அவனும் அவசரப்படவில்லை. கடைசிக் காரும் போன பிறகுதான் கிளம்பினான். கூட்டத்தைப் பிடிக்க அவனுக்குப் பதினோரு கிலோமீட்டர் ஆயிற்றாம்.