ஏழு நாள் ஆப்

அக். 5, ஞாயிறு

வெயில். ராஜபாளையத்தில் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்றேன். கையில்: லேப்டாப், கேபிள் இரண்டு, தண்ணீர் பாட்டில். (மதினி தண்ணீர் தருவாள். எனக்குத்தான் அங்கே குடிக்கத் தோன்றாது.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீடு. அப்பா இருப்பதும் அங்கேதான். முதல் கேபிளில் சார்ஜ் மட்டும் ஏறியது. இரண்டாவதில் ஆப் ஏறியது. நானே எழுதிய ஆப். பக்கவாதத்தில் பேச்சுப் போன அப்பாவுக்காக. டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் குரல் வரும். தண்ணி, பசிக்குது, பாத்ரூம், ஃபேன், வலிக்குது, போதும். குரல் என்னுடையது. ஸ்டீபனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாலு வருடமாக என்னிடம் பேசாத மனுஷன், இப்போது என் குரலில்தான் தண்ணீர் கேட்கிறார்.

என் பெயருக்குப் பொத்தான் வைக்கவில்லை. அவராகக் கேட்கட்டும் என்று ரோசம். எதைத் தொட்டுக் கேட்பார் என்று யோசிக்கவில்லை.

ஆப் எழுதுகிறவர்களுக்கான இலவசக் கணக்கில் ஏற்றினால் ஏழு நாள்தான் ஆப் திறக்கும். பிறகு மறுபடி நான் கேபிளோடு வர வேண்டும். சந்தா கட்டினால் ஒரு வருடம். அதை அங்கே சொல்லவில்லை. இந்த ஏழு நாள் இல்லையென்றால் எனக்கு அந்த வாசலை யார் திறப்பார்கள்?

ஒவ்வொரு முறையும் டேப்லெட் கேட்கிறது, இந்தக் கணினியை நம்பலாமா என்று. பாஸ்கோடு அண்ணன்தான் போடுவான், கையால் மறைத்துக்கொண்டு. "ஏட்டி, இன்னும் எம்புட்டு நேரம்?"

அக். 12, ஞாயிறு

மழை. ஸ்டீபனின் ஊர்ச் சபையில் அசனம், ஊருக்கே பந்திச் சாப்பாடு. கிளம்பப் போனேன். அத்தை விடவில்லை. "மருமக பந்தியில நிக்கலைன்னா சனம் என்ன பேசும்? செத்த நேரம் இருந்துட்டுப் போ." செத்த நேரம் சாயங்காலம் வரை. சாம்பார் வாளி தூக்கித் தோள்வலி.

அப்பாவிடம் போகவில்லை. ஒரு நாள்தானே.

அக். 13, திங்கள்

ஆபீசுக்கு லீவு. அண்ணன் வாசலிலேயே நின்றான். நேற்று மாலையே ஆப் திறக்கவில்லை.

மதினி: "மாமா தட்டிக்கிட்டே இருந்திருக்காக. சத்தமே வரல. நான் அடுப்படியில கெடந்தேன். வந்து பாத்தா படுக்கையெல்லாம் ஈரம்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வேட்டி மடிப்புக் கலையாமல் கோர்ட் வேலைக்குப் போய்வந்தவர். என் தப்பு. அத்தை மேல் போட முடியாது.

அண்ணன்: "ஆபீஸ்ல ஒருத்தனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சந்தா கட்டினா வருசம் பூரா ஓடுமாமே. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். பச்சைப் பொய்.

"நான் கட்டுதேன். வர்ற ஞாயித்துக்கெழம வந்து போட்டுட்டுப் போயிரு." அதுவரைக்கும் பழையபடி ஏழு நாளுக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.

அக். 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பஸ்ஸில் நிற்க இடமில்லை.

ஒரு வருடத்துக்கு ஏற்றினேன். ஏற்றும் முன் என் பெயரில் ஒரு பொத்தான் சேர்க்கலாமா என்று கை போனது. அண்ணன் பின்னால் நின்றான். சேர்க்கவில்லை. அவன் மேல் பழி போடுகிறேன். ரோசம்தான்.

கேபிளை அவனே சுருட்டி என் பையில் வைத்தான். "இனி ஒரு வருசத்துக்கு ஒனக்கு அலைச்சல் இல்ல." மதினி கவரில் அதிரசம் கொடுத்தாள்.

"போயிட்டு வாரேன்ப்பா." அப்பா டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பு மாட்டும்போது உள்ளே என் குரல். வலிக்குது.

"எங்கன மாமா? கையா, காலா?"

வலிக்குது.

"முதுகா? எங்கனன்னு காட்டுங்க."

வலிக்குது. வலிக்குது.

அண்ணன் கிரில் கதவைப் பூட்டினான்.