பூட்டிய வீடும் பன்னிரண்டாம் குழியும்

சிதம்பரம்
26.2.2012

அன்புள்ள இளமதிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், நீ அலாஸ்காவில் நலமாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்பதால் சொல்ல முடியாததை எழுதுகிறேன். வருஷம் முழுவதும் உறைந்தே கிடக்கிற மண்ணின் வெப்பத்தை அளக்க நீங்கள் போட்ட குழிகளில் பன்னிரண்டாவதிலிருந்து நவம்பர் முதல் எண்ணே வரவில்லை, சுற்றியுள்ள குழிகளை வைத்துக் கம்ப்யூட்டரே கணித்து நிரப்பிவிடும் என்கிறார் உன் பேராசிரியர், நீயோ பனிவண்டியில் உறைந்த ஆற்றைக் கடந்து நேரில் பார்க்க வேண்டும் என்கிறாய், குழியை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, மண் இளகினால் கட்டடம் இறங்கிவிடும் என்கிறாய். மார்ச் கடைசியில் போகட்டுமா என்று என்னைக் கேட்டாய். போன மாதம் அதே ஆற்றில் பனி உடைந்து ஒரு வண்டி உள்ளே போனதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புள்ளியியல் சொல்லிக்குடுக்குறவதானே நீ, கணக்கே போதும், போவாதன்னு எழுது என்று என்னிடம் பிடிவாதம் பிடிக்கிறார். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தானே புயலுக்குப் பிறகு எங்கள் கல்லூரி சார்பில் கூரைத் தகடு கொடுக்க, கடலூர் முதுநகர் பக்கம் வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். ஒரு வீடு பூட்டியிருந்தது. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, வெயில் வேறு, இதற்கும் இருக்காது என்று 'சேதமில்லை' என எழுதிவிட்டு நகர்ந்தேன். இருபது வருஷமாக வகுப்பில் நடத்துகிற முறைதான். போன வாரம் அந்த வீட்டுப் புஷ்பவள்ளி கல்லூரிக்கே வந்துவிட்டாள். பின்சுவர் விழுந்து புருஷனுக்குக் கால் முறிந்து அவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில்தான் நான் போயிருக்கிறேன். ஏன் டீச்சர், முன்னாடி பூட்டைப் பாத்தீங்க, பின்னாடி வந்து செவுத்தப் பாக்கக் கால் வலிச்சுதா என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். ஒரு தகடாவது மிச்சமிருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். தகடெல்லாம் கொடுத்துத் தீர்ந்துவிட்டது. இதை நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆகவே கணக்கே போதும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போய்ப் பார். தைரியமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். தனியாகப் போகாதே, அந்த ஆற்றை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் போகட்டும், அவர் வேண்டாம் என்றால் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் திரும்பிவிடு. ஈரக் காலுறையோடு இருக்காதே. நான் சாமியிடம் எதுவும் கேட்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், நேற்று அப்பா கோயிலுக்குக் கிளம்பியபோது கூடவே போனேன். நல்லபடியாகப் போய் நல்லபடியாக வா, என் கண்ணே.

நீ போகிறாய் என்பதை அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ கரை திரும்பிப் போன் செய்கிறவரை அவர் என்னோடு பேசமாட்டார். சீக்கிரம் செய்.

உன் அம்மா,
அமராவதி