மஞ்சள் ஏப்ரன்

மார்ச் 3, திங்கள்

எட்டுப் பேரைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இன்னொரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தை மூடிவிட்டார்களாம். இனி அந்தத் துணியும் இங்கேதானாம். நீல ஏப்ரன் தீர்ந்துபோனதால் சூப்பர்வைசர் அவர்களுக்கு மஞ்சள் கொடுத்தார். மத்தியானத்துக்குள் "மஞ்சளுங்க" என்று பெயர் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மஞ்சளுங்க சோம்பேறிகள், சோப்புத் திருடர்கள், அழுத்தக்காரர்கள் எல்லாம் ஆகிவிட்டார்கள். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

என்னோடு விரிப்பு மடிக்க ஒரு மஞ்சளைப் போட்டிருக்கிறார்கள். நெடுநெடுவென்று ஓர் ஆள். எரிச்சல்.

மார்ச் 7, வெள்ளி

விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு மூலை. உதறி, மடித்து, எதிரெதிரே நடந்து வந்து, ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்க்கிறேன். மனிதர் ஒரு சுருக்கம் இல்லாமல் மூலையைக் கொடுக்கிறார். குறை சொல்ல வழியில்லை. அதுவே கடுப்பு.

வேலை முடிந்ததும், "நாம இன்னிக்கு முந்நூத்திப் பன்னெண்டு மடிச்சிருக்கோம்" என்றார். யாருய்யா "நாம"?

வீட்டில் அதையே சொல்லிப் பொரிந்துகொண்டிருந்தேன். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அந்த ஆளைத் திட்டறேன், திட்டறேன்னு நாலு நாளா அந்த ஆளைப் பத்தி மட்டும்தான்டி பேசறே."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

அவர் லீவு. வேறொருத்தியோடு மடித்தேன். எல்லாம் கோணல்.

மார்ச் 19, புதன்

நேற்று வார்டில் ஒரு நர்ஸின் கையில் ஊசி குத்திவிட்டது. திங்களன்று நாங்கள் வெளுத்து அனுப்பிய டாக்டர் கோட்டின் பையில் இருந்த ஊசி. பைகளைத் துழாவிப் பார்க்கும் மேஜையில் அன்று இருந்தவள் கண்ணாடி. அவள் பட்டப்பெயர் அது. பதினொரு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். பயந்து அழுதாள். மற்ற நீலங்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள்: மேஜையில் இருந்தது நெட்டை மஞ்சள். "நாங்கள் அனைவரும் பார்த்தோம்" என்று ஒரு புகார்.

என் கையெழுத்து அழகாம். என்னை எழுதச் சொன்னார்கள்.

"அன்னிக்கு முழுக்க அவர் என்கூட மடிச்சிட்டிருந்தாரே" என்றேன்.

கண்ணாடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நம்ம ஆளா, இல்லையா?"

எழுதிக் கொடுத்தேன்.

எழுதிக் கொடுத்தேனே, பாவி! இந்தக் கை விளங்குமா?

மார்ச் 21, வெள்ளி

திங்களன்று விசாரணை. அவர் வேலை போய்விடும் என்று சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். அவர் கையை நீட்டித் தூரத்திலிருந்தே மூலையைக் கொடுக்கிறார். புகாரை அவரிடம் காட்டியிருக்கிறார்கள்; என் கையெழுத்து அவருக்குத் தெரியும். கட்டுகளில் எண்ணிக்கை எழுதி ஒட்டுவது நான்தானே. கேட்டுச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மணி அடித்ததும் மற்ற மஞ்சள்களோடு போய் நின்றுகொண்டு, "நாங்க கிளம்பறோம்" என்றார்.

நாங்க. அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. எரியட்டும். எனக்கு வேண்டியதுதான்.

மார்ச் 24, திங்கள்

"நான் எழுதினது பொய். அன்னிக்கு அவர் என்கூட இருந்தார்" என்று சொல்லிவிட்டேன். அப்போது மேஜையில் யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான்தான் சார்" என்றாள்.

எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதானா? இந்தக் காகிதத்துக்குப் பயந்தா ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைத்தோம்?

சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்ததும் எல்லோரும் எழுந்துபோனார்கள். கண்ணாடியும்.

மார்ச் 26, புதன்

என் கொக்கியில் நீல ஏப்ரனைக் காணோம். யாரோ மஞ்சளை மாட்டியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் மேலும் கீழும் பார்த்தார். "இதப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடுமா?"

"ஆகாது. என்னோடது கிடைச்சதும் கழட்டிடுவேன். மூலையப் பிடிங்க."

பிடித்தார். மத்தியானம் வரை தூரத்திலிருந்தேதான் கொடுத்தார். அப்புறம் கட்டுகளை எண்ணினார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நாம இன்னும் நூத்தி நாப்பது மடிக்கணும்."