கோமதி கேட்ட மறுபக்கத்து வெளிச்சம்

என் மைனி கோமதிக்கு,

சில மாதங்கள் மூத்த அத்தை மகள் என்பதற்காக உன்னை மைனி என்று கூப்பிட வைத்தார்கள். கல்லூரியில் ஒரே பெஞ்சு, சென்னையில் ஒரே ஆய்வகம், ஒரே அறை. நீ போன பிறகும் உன்னிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று எழுதத் தோன்றியது. உன் அம்மா இங்கே வந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நம் வேலை என்னவென்று ஒருமுறை அவளுக்கு மிளகாய்ப் புஞ்சையில் வைத்து விளக்கினாயே, நினைவிருக்கிறதா? "எம்மா, பொடி மழை பேஞ்சா கரிசல் மேல மட்டும் சதசதன்னு இருக்கும், உள்ள காஞ்சே கெடக்கும்லா? நாங்க ஆராயுற கல்லும் அப்படித்தான். உள்ள கரண்டு போகாது. மேல்தோல்ல மட்டும் ஓடும்." அத்தை களை பிடுங்குவதை நிறுத்தாமல் கேட்டாள்: "அதுக்கு எதுக்குட்டி மெட்ராஸ் வரைக்கும் போன?"

அந்த மேல்தோலில் ஓடும் எலக்ட்ரானின் தற்சுழற்சி, அந்த ஸ்பின், தன் இஷ்டத்துக்கு நிற்காது. எலக்ட்ரான் ஓடும் திசைக்கு ஏற்பத்தான் அதுவும் நிற்கும். எதிர்த்திசையில் ஓடினால் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். காந்தமே இல்லாமல், வெறும் லேசர் ஒளியால் அதைத் திருப்ப முடியும் என்றாய். கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாகப் பிளந்தால் கிடைக்கிற துணுக்கு நேரம், அவ்வளவுதான் அந்த ஒளித்துடிப்பின் ஆயுள். ஒளியை ஒரு பக்கமிருந்து சாய்த்து, வலமாக முறுக்கி அடித்தபோது மின்னோட்டம் ஒரு பக்கம் ஓடியது. இடமாக முறுக்கியதும் மறுபக்கம் ஓடியது. அன்றைக்கு நீ என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கு இன்னும் வலிக்கிறது.

பேராசிரியர் நம்பவில்லை. முறுக்கை மாற்றும்போது ஒளிப்புள்ளி இம்மியளவு நகர்ந்திருக்கலாம், கல் ஒரு பக்கம் கூடுதலாகச் சூடாகி அந்த ஓட்டம் வந்திருக்கலாம் என்றார். நீ கோபப்படவில்லை. "அப்போ மறுபக்கத்துல இருந்து சாய்ச்சு அடிச்சுப் பாப்போம் சார். நேர் மேல இருந்து அடிச்சா ஒண்ணுமே வரக் கூடாது. மறுபக்கம் போனா தலைகீழா வரணும். வெறும் சூடுன்னா அப்படி ஒழுங்கா மாறாது" என்றாய்.

அதற்குள் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஒரு வாரம்கூட நீ தாங்கவில்லை.

மருத்துவர் அத்தையிடம், "ரத்தத்துல அணு ரொம்பக் குறைஞ்சிடுச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. ஊரில் உன்னை அணு ஆராய்ச்சி படிக்கிற பிள்ளை என்றுதானே சொல்வார்கள்? பதினாறு முடிந்த அன்று, விளாத்திகுளம் பஸ்ஸுக்குக் கிளம்பிய என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போனாள்.

"ஏட்டி முத்து, அந்த வெளிச்சந்தான் என் பிள்ள ரத்தத்தக் குடிச்சிட்டோ?"

"இல்ல அத்த. கொசுக்கடிதான்."

"கொசு ஊரெல்லாந்தான் கடிக்கி. எல்லாரும் சாவுதாவளா? நீ அங்கன போகாத. இருக்கிற ஒண்ணும் போயிறக் கூடாது."

எனக்கே ஆய்வகத்துக்குள் கால் வைக்கப் பிடிக்கவில்லைதான். ஆனால் பயந்து நான் நின்றுவிட்டால், வெளிச்சம்தான் உன்னைக் கொன்றது என்று அவள் காலமெல்லாம் நம்பிக்கொண்டிருப்பாள். "நீங்களே வந்து பாருங்க அத்த" என்றேன்.

மிளகாய்ப் பழம் எடுத்து முடிந்ததும் என் அப்பாவோடு கோவில்பட்டியில் ரயிலேறி வந்தாள். அந்த வாரம்தான் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளை எல்லாம் இடம் மாற்றி, மறுபக்கத்துப் பாதையைத் தயார் செய்திருந்தேன். அவள் இருக்கும்போதே அளக்கலாம் என்று முடிவு செய்தேன். தப்பாக வந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஆய்வக விளக்குகளைக் குறைத்துவிட்டு அவளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். "இது எதுக்கு?" என்றாள்.

"கண்ணுக்கு ஆகாது அத்த, அதான். ரத்தத்த ஒண்ணும் செய்யாது. கோமதியும் இதப் போட்டுக்கிட்டுத்தான் நிப்பா."

மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வெளிச்சத்தையே காங்கலயே?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

முதலில் பழைய பக்கத்திலிருந்து அடித்தேன். நீ பார்த்தது அப்படியே வந்தது: வலமுறுக்குக்குத் திரையில் மேடு, இடமுறுக்குக்குப் பள்ளம். பிறகு நேர் மேலிருந்து. முறுக்கை எப்படி மாற்றினாலும் திரையில் கோடு தட்டையாகவே கிடந்தது. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசியாக மறுபக்கத்திலிருந்து அடித்தேன். மேடு இருந்த இடத்தில் பள்ளம். அதே அளவு, அச்சாகத் தலைகீழ்.

அத்தைதான் முதலில் கேட்டாள்: "சரியா வந்துட்டா?"

"வந்துட்டு அத்த."

"அவ சொன்ன மாதிரியா?"

பேராசிரியர் எழுந்து நின்று சொன்னார்: "அவ சொன்ன மாதிரியேதாம்மா."

அத்தை அழவில்லை. உன் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டாள்: "ஏட்டி, இந்த இருட்டுக்குள்ள அவ சந்தோஷமாத்தான் இருந்தாளா?"

அளக்குமுன் கல்லின் பழைய மேற்படலத்தை டேப் ஒட்டி உரிக்கும்போது நீ அதைத் திட்டுவதைச் சொன்னேன். "ஏலே, ஒழுங்கா உரிஞ்சு வாரியா, இல்ல குப்பையில போடட்டுமா?" என்று நம்மூர்ப் பேச்சில் நீ அதட்ட, வடநாட்டுப் பையன்கள் முழிப்பார்களே, அதையும் சொன்னேன். அத்தை சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எழும்பூரில் ரயில் கிளம்புமுன் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். போகாதே என்று சொல்லவில்லை. "நல்லாச் சாப்பிடு. வேலையப் பாரு. சரியா வந்தாலும் வராட்டாலும் எனக்குப் போன் பண்ணு. அவ சரியா வந்தா மட்டுந்தான் சொல்லுவா. வராத நாளு அவ என்ன பாடுபட்டாளோ, எனக்குத் தெரியாமலே போயிட்டு."

கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பெயர்தான் முதலில். பேராசிரியரே போடச் சொன்னார். அடுத்த சோதனை இரண்டு ஒளித்துடிப்புகளோடு. முதல் ஒளி திருப்பிய ஸ்பின்னை, அது தானாக அடங்குமுன் இரண்டாவது ஒளி பழைய பக்கத்துக்குக் கொண்டுவருமா? நீ இருந்தால் என்ன பந்தயம் கட்டியிருப்பாய்?

இன்று காலை முதல் தடவை முயன்றேன். ஒன்றும் வரவில்லை. அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சரி, சாப்பிட்டியா?" என்றாள். வராத நாள்களையும் இனி ஒன்று விடாமல் அவளிடம் சொல்வேன் மைனி. இது சத்தியம்.

உன் மாமன் மகள்,
முத்து