லென்ஸ் பிரிவுச் செவிலியர் மீது நான் எழுதிய புகாரைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
தரப் பரிசோதகர், குடிநீர் ஆலை
(தங்களிடம் சிகிச்சை பெறும் ஒன்பது வயதுச் சிறுமியின் தந்தை)

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
கண் மருத்துவமனை

பொருள்: புகாரைத் திரும்பப் பெறுவதும், செவிலியரை மீண்டும் லென்ஸ் பிரிவில் அமர்த்தக் கோருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. கிட்டப்பார்வை கூடாமலிருக்க, இரவில் அணிந்து உறங்கிக் காலையில் கழற்றும் லென்ஸை என் மகளுக்குத் தங்கள் மருத்துவமனைதான் கொடுத்தது. கண்ணாடி போடாமலே கரும்பலகையைப் படித்த அன்று அவள் குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது.

2. இரண்டு மாதங்களுக்கு முன் லென்ஸ் கழுவும் திரவம் தீர்ந்துபோனது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, நானே பரிசோதித்துக் கையெழுத்திட்ட ஆலைத் தண்ணீரில் மூன்று நாள் கழுவிக் கொடுத்தேன். அதைவிடச் சுத்தமான தண்ணீர் ஊரில் கிடையாது என்ற மிதப்பு எனக்கு. நான்காம் நாள் காலை இடது கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே அழுதாள்.

3. தங்கள் மருத்துவமனை வரிசையில் எங்களுக்கு முன் முப்பது பேர். அவ்வழியே வந்த செவிலியர், கைக்குட்டையால் கண்ணைப் பொத்தியிருந்தவளைப் பார்த்து நின்றார். லென்ஸை எதில் கழுவினீர்கள் என்று கேட்டார். பெருமையாகவே சொன்னேன். "குடிக்கிற தண்ணி வயித்துக்கு சார், லென்ஸ்ல ஒரு சொட்டுகூட படக்கூடாது" என்று கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். லென்ஸ் டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, மகளை நேரே மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

4. மானம் போய்விட்டதென்று, மகள் உள்ளே இருக்கும்போதே புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். நினைத்தால் இன்று உடம்பு கூசுகிறது.

5. கருவிழியில் கிருமி புகுந்திருந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் தழும்பு விழுந்து பார்வை மங்கியிருக்கும் என்றார் மருத்துவர். டப்பாவில் மிச்சமிருந்த என் தண்ணீரில்தான் அந்தக் கிருமி பிடிபட்டதாம். ஆறு வாரச் சொட்டு மருந்தில் கண் தெளிந்துவிட்டது. தங்கள் மருத்துவமனைக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

6. நன்றி சொல்ல நேற்று வந்தபோதுதான், என் புகாரால் செவிலியரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றியது தெரிந்தது. கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "பாப்பா கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்.

7. ஆகவே என் புகாரைத் தள்ளுபடி செய்து, அவரைப் பழைய இடத்திலேயே அமர்த்துமாறு வேண்டுகிறேன். தண்ணீர் படக்கூடாது என்பதை டப்பாவின் மேலேயே பெரிதாக அச்சிட்டால் நல்லது. லென்ஸோடு தாங்கள் தந்த அறிவுரைத் தாளில் அது பதினான்காம் வரியில் இருப்பதை இப்போதுதான் படித்தேன். தாளைப் படிக்காத தகப்பன்கள் இனியும் வருவார்கள். அவர்களைத் திட்ட அவர் அங்கே இருக்க வேண்டும்.

நன்றியும் வெட்கமும் உடைய,
(ஒப்பம்)
சிறுமியின் தந்தை

இடம்: ஆலைக் குடியிருப்பு
நாள்: 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை