மூன்றரை கெஜம்

10 அக்டோபர் 1975, வெள்ளி
பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. அப்பாவின் மேலதிகாரி பெக்கருக்கு அவர் அக்கா அமெரிக்காவிலிருந்து இந்த வளைகுடா நாட்டுக்கு அனுப்பும் அவர்கள் ஊர்ப் பத்திரிகை. அவர் படித்து முடித்ததும் என் ஆங்கிலம் வளர எனக்குத் தருகிறார். நான் முதலில் புரட்டுவது விளையாட்டுப் பக்கம்.

அதில் வரும் அமெரிக்கக் கால்பந்து, உதைக்கிற கால்பந்து இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும். மற்றக் கல்லூரிகள் பந்தைத் தூர எறிந்து பிடிக்கின்றன. பெக்கர் படித்த வில்லோ கிரீக் கல்லூரியின் கோச் ஹார்மன் எறிய விடுவதே அபூர்வம். ஓடு, விழு, எழு, மறுபடி ஓடு. ஒரு ஓட்டத்துக்கு மூன்றரை கெஜம் என்றாலும் மூன்றே ஓட்டத்தில் பத்தரை. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் எல்லோரும் அவரைக் கேலி செய்கிறார்கள்?

13 அக்டோபர்
தோழி ஹாலிதாவிடம் விளக்கினேன். அவள் அப்பாவுக்கு மீனா பஜாரில் துணிக்கடை. “எங்க வாப்பா ஒரே கஸ்டமருக்குப் பத்து கெஜம் கிழிச்சுடுவாங்க. இதுக்கா இவ்வளவு பேரு விழுந்து எந்திரிக்கிறாங்க?” என்றாள்.

24 அக்டோபர், வெள்ளி
இரண்டாவது தோல்வி. இங்கே நான் படிக்கும் ஆட்டம் அங்கே முடிந்து இரண்டு வாரமாகிறது. அது தெரிந்தும் இன்று கோவிலில் அடுத்த ஆட்டத்துக்காக வேண்டிக்கொண்டேன். அதுவும் முடிந்துபோயிருக்கும். முடிந்ததைக் கடவுள் மாற்றுவாரா? வேண்டாமல் இருக்கவும் முடியவில்லை.

7 நவம்பர், வெள்ளி
பெக்கர் தோசை சாப்பிட வந்தார். மூன்றாவது தோல்விக்குப் பிறகு, ஹார்மனை நீக்கச் சொல்லிப் பழைய மாணவர்கள் கல்லூரித் தலைவருக்குக் கடிதம் எழுதுகிறார்களாம். பெக்கரும் எழுதப்போகிறாராம்.

நான் நோட்டை எடுத்துவந்தேன். ஆறு ஆட்டக் கணக்கும் அதில் இருக்கிறது. தோற்ற மூன்றிலும்தான் அதிகமாக எறிந்திருக்கிறார்கள் – பதினான்கு, பன்னிரண்டு, பதினேழு தடவை. கூச்சலுக்குப் பயந்து எறிந்ததால் தோற்றார்கள், ஓடியதால் இல்லை என்றேன். பெக்கர் சிரித்தார். பதினான்கு வயதில் தனக்கும் எல்லாமே கூட்டல் கழித்தலாகத்தான் தெரிந்தது என்றார்.

அவர் போனதும் அம்மா, “பெரியவங்க சாப்பிடுறப்ப நோட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கிறா பாரு” என்றாள். அப்பா திட்டவில்லை. “அவர் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு லீவு, ஷியாமளா. அதை மறந்துடாதே” என்று என்னிடம் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது.

8 நவம்பர்
சரியாக இருப்பது மரியாதைக் குறைவா?

10 நவம்பர், திங்கள்
பெக்கரின் கடிதம் எங்கள் வீட்டு மேஜைமேல் இருந்தது. இங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. தபாலாபீஸில் ஆபீஸ் பெட்டியைத் திறந்து தபால் எடுப்பதும், போவதைச் சேர்ப்பதும் அப்பா வேலை. உறைமேல் கல்லூரித் தலைவரின் விலாசம்.

கையில் எடுத்தேன். மெத்தைக்கடியில் தள்ளிவிட்டால்? கடிதங்கள் தொலைவது வழக்கம்தானே – யார் கேட்கப்போகிறார்கள்? அப்பாவைத்தான் கேட்பார்கள். அப்புறம், கையில் இவ்வளவு கணக்கு வைத்துக்கொண்டு நான் எதற்குத் திருட வேண்டும்? திரும்ப வைத்துவிட்டேன்.

அதே விலாசத்துக்கு நானும் நான்கு பக்கம் எழுதினேன். கோச் இருக்கட்டும், அவரை அவர் வழியில் ஓட விடுங்கள் என்று. ஆறு ஆட்டத்துக்கும் அட்டவணை போட்டேன். இரண்டையும் சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார்.

“பெக்கர் பேரு எங்கேயும் இல்லையே?”

“இல்லைப்பா.”

“அட்டவணையில கோடு கோணலா இருக்கு” என்று சொல்லி, தன் ஸ்கேலை எடுத்துக்கொடுத்தார். வரைபடம் போடுகிறவர் அல்லவா. திருத்திக் கொடுத்தேன்.

28 நவம்பர், வெள்ளி
நீக்கிவிட்டார்கள். நவம்பர் பன்னிரண்டாம் தேதியே. பெக்கரின் கடிதமும் என் கடிதமும் அன்று ஒரே பையில் எங்கேயோ பறந்துகொண்டிருந்திருக்கும். இரண்டும் யாருக்கும் உதவவில்லை.

தகவலை ஹாலிதாவிடம் சொன்னேன். இன்று கேலி செய்யவில்லை, கூடவே நடந்து வந்தாள்.

11 ஜனவரி 1976
கல்லூரியிலிருந்து எனக்கு இரண்டு வரி. என் கடிதத்தைத் திரு. ஹார்மனுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் எங்கே இருக்கிறார் என்று எழுதவில்லை. பெக்கரிடம் காட்டச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? எப்படியானாலும் அப்பாவுக்கு லீவு கிடைத்துவிட்டது.

24 செப்டம்பர் 1976, வெள்ளி
இன்று வந்த கட்டுக்குள் நான் கேள்விப்படாத ஊரின் பத்திரிகை ஒன்றும் இருந்தது. சின்னக் கல்லூரி, புதுக் கோச்: ஹார்மன். பெக்கர்தான் அக்காவுக்கு எழுதித் தேடிப்பிடித்துச் சந்தா கட்டச் சொன்னாராம். இன்னும் பிரிக்கவே இல்லை, நேராக உனக்குத்தான் கொடுத்தார் என்றார் அப்பா.

முதல் ஆட்டம். ஓட்டம் அறுபத்தொன்று, இருநூற்று இருபத்தாறு கெஜம். ஒரு தடவைகூட எறியவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்பது ஆட்டம் இருக்கிறது.