இரட்டை பிரேக் வண்டியில் மூன்று நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அத்தை மூன்று பேரும் சுகம், வெயில் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். முப்பத்துநாலு வயசுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்று போன தடவை போனில் சொன்னாய், நானும் சரி என்றேன், ஆனால் கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, பொறுத்துக்கொள். எழுத்தெல்லாம் நெல்லிக்காய் அளவுக்கு இருக்கிறதே, வரிகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறுகிறதே என்று பார்ப்பாய். அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். முதல் கியரிலிருந்து நேராக நாலாவதுக்குப் போகக்கூடாது என்று உனக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண் டாக்டரிடம் போனீர்களா என்று நீ கேட்டபோது, போனேன், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்றேன் இல்லையா, நான் போகவே இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய் வண்டியை நிறுத்த நிழல் கிடைக்கவில்லை என்று திரும்பிவிட்டேன். போனில் நீ கேட்டால் வாய் தானாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வருஷமாகவே எதிரில் வருவதெல்லாம் புகைக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, வண்டியின் முன்கண்ணாடியைத் திட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தேன். வைப்பர் ரப்பரை இரண்டு தடவை மாற்றினேன், மூன்றாம் தடவை கேட்டபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனுக்குக் கோளாறு வண்டியில்தான் இருக்கும், தன்னிடம் இருக்காது என்று நினைப்பு. உள்ளுக்குள் தெரியாமல் இல்லை. தெரிந்தது என்று ஒத்துக்கொண்டால் சாவியைக் கொடுக்க வேண்டும், சாவியைக் கொடுத்துவிட்டால் நான் யார் என்று ஒரு பயம். அவ்வளவுதான் விஷயம்.

இந்த லட்சணத்தில்தான் கோடை விடுமுறைக்குக் கடற்கரைச் சாலையிலே கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்வரலாம் என்று நானே எல்லாரையும் கிளப்பினேன். என்னால் இன்னும் முடியும் என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான். மூன்று நாள். நம் பழைய ஸ்கூல் வண்டிதான், நீ கற்றுக்கொண்ட அதே இரட்டை பிரேக் வண்டி, வாத்தியார் பக்கத்துக்கும் ஒரு பிரேக் இருக்குமே அதேதான், ஸ்கூலை மூடியபோது விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டேன். முன்னால் நானும் அம்மாவும். பின்னால் அத்தை, என் சிநேகிதர் தையல்காரர், அவர் வீட்டம்மா. அத்தை முறுக்கிக் கட்டிய மூட்டை நாலு கொண்டுவந்தாள், மூன்று நாளைக்கா மூன்று வருஷத்துக்கா என்று கேட்டேன், கடலில் விழுந்தால் மாற்றுத் துணி வேண்டாமா என்றாள். தையல்காரர் எல்லாருக்கும் வெயிலுக்குத் தொப்பி தைத்துக் கொண்டுவந்தார், ஐந்தும் ஒரே பூப்போட்ட துணி, ஏதோ மெத்தை உறையில் மிச்சமாம். அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் வண்டியில் உட்கார்ந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக் குழந்தை அழுததாகக் கேள்வி. அம்மா மட்டும் வழக்கமான செருப்பு இல்லாமல் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். ஓட்டப்பந்தயத்துக்கா கிளம்பினாய் என்று கிண்டல் செய்தேன். குனிந்து ஷூ கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கண் தெரியாமல் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்பாய். என் புத்தியைச் சொன்னால் நீ அடிக்க வருவாய். ஸ்கூலில் நான் எல்லாரையும் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேனே, நாய், சைக்கிள், இடது வளைவு, பள்ளம் என்று, நீகூடச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாயே, அதையே இவர்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி வைத்துவிட்டேன். முதலில் பார்த்து முதலில் சொல்பவருக்கு ஒரு கடலை மிட்டாய். தையல்காரருக்கு ஊசிக் காது தெரியாது, ஆனால் தூரத்தில் வருகிற பஸ்ஸின் பலகை தெரியும். லாரி, மாடு, சின்னப் பாலம் என்று மனிதர் கூவிக்கொண்டே வந்தார். அத்தை சளைக்கவில்லை, அவள் பார்த்ததோடு பார்க்காததையும் சொன்னாள். நான் அவர்கள் காதால் கேட்டதை என் கண்ணாக வைத்து ஓட்டினேன், முதல் நாள் முழுக்க ஒரு கீறல் இல்லை. ராஜா மாதிரி இருந்தது எனக்கு. விடுதியில் படுக்கையெல்லாம் மணல், தலையணையை உதறினால் ஒரு கைப்பிடி விழுகிறது, அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம்தான் மாட்டிக்கொண்டேன். அவித்த முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் பின்சீட்டு மொத்தமும் தூங்கிவிட்டது. தையல்காரரின் குறட்டை என்ஜின் சத்தத்தையே தோற்கடித்தது. கூவுவதற்கு ஆளில்லை. சாலையோ காலியாக நேராகக் கிடக்கிறது, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று போனேன். முன்னால் சாலை கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது, யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்து அம்மா குரலை உயர்த்தாமல், வலை, ஆள், நிறுத்துங்க என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை பாப்பா. அவள் பக்கத்து பிரேக்கை அவள் மிதித்திருந்தாள். இருபது வருஷமாக அந்த பிரேக்கில் கால் படக்கூடாது என்று நான் சொல்லி, காலை மடக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டு வந்தவள், ஊரிலிருந்து கிளம்பிய காலையிலிருந்து ஷூ போட்ட காலைக் கீழே தயாராக வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

நான் தண்ணீர் என்று நினைத்தது சாலையில் காயப்போட்ட வலை. அதன் நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் மூன்று முழம்கூட இருக்காது. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்துவார், நாலு பேரைக் கூட்டுவார் என்று பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நீங்க அந்த வளைவுல திரும்பினதுலேர்ந்து நான் உங்களப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், நீங்கதான் என்னப் பாக்கல என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை, நான் யாரையும் சொல்ல விடவும் இல்லை. சாலையோரச் சுவரில் போய் உட்கார்ந்தேன், அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கண் தெரியலை என்றேன். தெரியும் என்றாள். எப்போதிலிருந்து என்றேன். போன மழைக்காலத்திலிருந்து, நீங்க ரெண்டாவது வைப்பர் மாத்தினப்பவே என்றாள்.

இனி எப்படி ஊர் போய்ச் சேர்வது, யாருக்கும் ஓட்டத் தெரியாதே என்று நான் புலம்ப, அவள் கைப்பையைத் திறந்து லைசென்சை எடுத்து என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்தேன், அவள் முகம்தான், அவள் பெயர்தான். மூன்று மாதமாகத் தையல்காரர் வீட்டம்மாவோடு விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறாளே, நடந்துவிட்டு வருகிறவளுக்குக் கொஞ்சம்கூட வேர்க்கவில்லையே என்று நானும் யோசித்ததுண்டு. அது நடை இல்லை, வண்டிப் பாடம், அதுவும் யாரிடம் போய்க் கற்றிருக்கிறாள் பார். ஆமையிடம். என்னிடம் படித்த பிள்ளைகளிலேயே மெதுவாக ஓட்டுகிறான் என்று நானே பெயர் வைத்து, நாலு தடவை டெஸ்டுக்கு அனுப்பிப் பாஸ் பண்ண வைத்த அதே ஆமை, இப்போது எதிர்த் தெருவில் ஸ்கூல் வைத்திருக்கிறானே, அவனிடம். வீட்டிலேயே வாத்தியார் இருக்க எதிர்த் தெருவுக்குப் போனாயே என்றேன். உங்ககிட்ட கத்துக்கிட்டா ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமப் போயிருப்போம் என்றாள். அது வாஸ்தவம். அதைவிட வயிற்றெரிச்சல், ஆமையின் போன் நம்பரைத் தேடிக் கொடுத்ததே நீதானாம். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்திருக்கிறாய். கோபம் இல்லை, ஆனால் எழுதி வைக்கிறேன், நினைவிருக்கட்டும்.

அம்மா ஓட்டினாள். நான் வாத்தியார் சீட்டில். என் கால் சும்மா இருக்குமா, முதல் அரைமணி நேரத்தில் நாலு தடவை பிரேக்கை மிதித்துவிட்டேன். மூன்றாவது தடவை அத்தை தொப்பியோடு முன்சீட்டில் வந்து முட்டிக்கொண்டு எழுந்து, கடல் வந்துருச்சா என்று கேட்டாள். நாலாவது தடவை அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என் பக்கம் திரும்பி, யார் ஓட்டறது, நீங்களா நானா என்றாள். ஸ்கூலில் பயந்துபோய் ஸ்டியரிங்கை விட்டுவிடுகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்வி அது, அதே தொனி. பின்சீட்டில் தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். நான் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டேன், அவள் இருபது வருஷம் வைத்துக்கொண்ட மாதிரி. பத்து நிமிஷத்தில் முட்டி மரத்துப்போயிற்று. இவ்வளவு கஷ்டமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதை அவளிடமும் சொன்னேன், கேட்காத மாதிரி கியரை மாற்றினாள். நன்றாகத்தான் மாற்றுகிறாள், சத்தமே இல்லை. ஆமைக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அந்தச் சாலையில் எத்தனை நூறு தடவை போயிருப்பேன், கடலை நான் பார்த்ததே கிடையாது, சாலையைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது திரும்பிப் பார்க்க நேரம் கிடைத்தது, கண்ணில்தான் நீலமாக ஒரு கலங்கல். அதனால் மறுபடியும் அதே விளையாட்டு, இந்தத் தடவை கடலுக்கு. தையல்காரர் அலைகளை, படகுகளை, கரையில் உட்கார்ந்த பறவைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மிட்டாய் எதுவும் கேட்கவில்லை. கலங்கரை விளக்கத்தில் நூற்று எண்பது படி, அத்தை மேலே ஏறி நின்று எல்லா ஊரையும் பார்த்துவிட்டதாகச் சொல்கிறாள். நான் கீழே டீக்கடையில் இருந்தேன்.

ஊருக்கு வந்ததும் மறுநாளே கண் டாக்டரிடம் போனோம், அம்மாதான் ஓட்டினாள், நிழலில் நிறுத்தினாள். கண்புரைதான், பழுத்துவிட்டது என்றார். வருகிற மாதம் பத்தாம் தேதி வலது கண், ஒரு மாதம் விட்டு இடது. நீ விழுந்தடித்துக்கொண்டு கிளம்பி வர வேண்டாம், இதெல்லாம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். அதன் பிறகு ஓட்டலாமா என்று கேட்டேன், பார்த்துச் சொல்கிறேன் என்றார். சாவி இப்போது அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. இது இல்லாவிட்டால் என்ன ஆவேனோ என்று பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை, காலையில் காபி அதே சூட்டில்தான் வருகிறது.

நீ வண்டியில் காற்று சரிபார்த்தாயா. உன் கண்ணாடியின் பவரை மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது என்று அம்மா சொல்கிறாள், உடனே போய்க் காட்டு, வாசலோடு திரும்பாதே. மாப்பிள்ளையிடம், வளைவில் யாரையும் முந்த வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பேத்திக்கு என் முத்தம், தையல்காரர் அவளுக்கும் அதே துணியில் ஒரு தொப்பி அனுப்புகிறார், போட்டுப் படம் எடுத்து அனுப்பு. எல்லாரும் நூறு வயசு சுகமாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். ஒன்றை விட்டுவிட்டேனாம், எழுதியே ஆக வேண்டும் என்கிறாள். திரும்பி வருகிற வழியில் நான் தூங்கிவிட்டேன். ஓடுகிற வண்டியில் நான் கண்ணை மூடி நீ பார்த்திருக்கிறாயா, முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நிமிஷம் கிடையாது. அரைமணி நேரம் இருக்கும் என்று நினைத்தேன், ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்கிறாள். அவ்வளவு நேரமும் ஒவ்வொரு வளைவிலும் நடக்கிற வேகத்துக்குக் குறைத்துத் திரும்பினாளாம், ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லையாம், நான் எழுந்துவிடுவேன் என்று. வளைவில் ஹாரன் அடிக்காவிட்டால் இரண்டு மார்க் குறைப்பேன், உனக்கே குறைத்திருக்கிறேன். அவளுக்குக் குறைக்கவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து சீட்டிலிருந்து,
உன் அப்பா